கிராமப் பள்ளிகளும் ஹோரஸ் மானும்

கிராமப் பள்ளிக்கூடங்களைச் சீர்திருத்த வேண்டும் என்று பொதுப்படையாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தால், அதை எதிர்ப்பவர் எந்த நாட்டிலும் அநேகமாக இரார். ஆனால் சிறு பள்ளிகள் பலவற்றை ஒன்றுசேர்த்து, பல குடியிருப்புகளின் வரிப்பணத்தை ஒரே பெட்டியில் இட்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே தரமான கல்வி அளிக்கலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதுகாறும் தலையசைத்துக் கொண்டிருந்தவர்களே எழுந்து ஆட்சேபிக்கத் தொடங்குவார்கள். தங்கள் பள்ளியைப் பிறர் பறித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தில் பதினோரு வருஷ காலம் ஊர் ஊராகச் சென்று இந்த ஆட்சேபத்தோடு மல்லாடியவர் ஹோரஸ் மான். பொதுப் பள்ளியின் தந்தை என்று அந்நாட்டார் அவரைக் கொண்டாடுகிறார்கள். உபாத்தியாயர்களுக்குப் பயிற்சிப் பள்ளிகள் கண்டவர் என்ற முறையில் அவர் பெயரைக் கல்வி விஷயத்தில் சிரத்தையுள்ளோர் பலரும் அறிவர். ஆனால் கிராமக் கல்வியின் கேடுகளுக்கெல்லாம் வேர் என்று எதை அவர் கருதினாரோ, அதை அவர் ஆயுளில் பிடுங்கி எறிய முடியவில்லை. அந்தக் கதையே இங்கே சொல்ல வேண்டுவது.

மான் 1796-ஆம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி பிராங்க்ளின் என்ற சிற்றூரில், வசதி குறைந்த ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். தொப்பி செய்வதற்காக வைக்கோலைப் பின்னிக் கொடுப்பது அக்காலத்தில் அப்பக்கத்து வீடுகளில் நடந்த கைத்தொழில். அந்தக் கூலியைக் கொண்டே சிறுவன் தனக்கு வேண்டிய பாடப் புத்தகங்களை வாங்கினான். வருஷத்தில் எட்டு அல்லது பத்து வாரங்களுக்கு மேல் அவன் பள்ளிக்குச் சென்றதில்லை. ஊருக்கு ஒரு நூல்நிலையம் இருந்தது. பெஞ்சமின் பிராங்க்ளினின் பெயரை ஊருக்குச் சூட்டிய ஜனங்கள், பிரார்த்தனை மண்டபத்துக்கு ஒரு மணி வாங்கித் தருமாறு அவரைக் கேட்டார்கள். அவரோ மணிக்குப் பதிலாக நூற்றுக்கு மேற்பட்ட புத்தகங்களை அனுப்பிவிட்டார். ஹோரஸ் மானுக்கு உண்மையான பள்ளிக்கூடமாக அமைந்தவை அந்தப் புத்தகங்களே. 1810-இல் அவருடைய அண்ணன் ஸ்டீபன் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று நீரில் மூழ்கி இறந்தான். அந்தச் சாவை வைத்து ஊர்ப் போதகர் நரக பயத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தாயின் கண்ணீரைக் கண்ட பிள்ளையின் மனம் அன்றே அந்தக் கடுமையான மத சித்தாந்தத்தை விட்டு விலகிற்று. பின்னாளில் பொதுப் பள்ளிகளில் எந்தக் கிளைச் சமயத்தின் கொள்கையையும் புகுத்தலாகாது என்று அவர் பிடிவாதமாக நின்றதற்கும் இந்த நிகழ்ச்சிக்கும் சம்பந்தம் உண்டென்றே நாம் நினைக்கிறோம்.

ஆறே மாதங்கள் ஓர் உபாத்தியாயரிடம் கிரேக்கமும் லத்தீனும் பயின்று, 1816-இல் பிரௌன் கலாசாலையில் சேர்ந்து, 1819-இல் முதன்மையாகத் தேறினார். பிறகு சட்டம் படித்து, 1823-இல் டெடம் நகரில் வக்கீலாக அமர்ந்தார். 1827 முதல் ராஜ்யப் பிரதிநிதி சபையிலும், பின்னர் செனெட் சபையிலும் அங்கம் வகித்தார். சங்கிலியில் கட்டிக் கிடந்த பைத்தியக்காரர்களுக்காக உஸ்டரில் சர்க்கார் வைத்தியசாலை ஏற்பட அவரே முக்கிய காரணர். அது 1833-இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய வருஷம் அவருடைய இளம் மனைவி சார்லட் இறந்து போனார். அந்தத் துயரத்திலிருந்து அவர் நெடுநாள் மீளவில்லை. எனினும் அரசியலில் படிப்படியாக உயர்ந்து, 1836-இல் செனெட் சபையின் அக்கிராசனர் ஆனார். கவர்னர் பதவியும் எட்டாத தூரத்தில் இல்லை என்று நண்பர்கள் எண்ணியிருந்த சமயம் அது.

அக்காலத்துக் கிராமப் பள்ளிகளின் நிலையை இங்கே சற்று விரிவாகச் சொன்னாலன்றி அவர் செய்த காரியத்தின் அருமை விளங்காது. மாஸச்சூஸெட்ஸில் ஊர் என்பது பல குடியிருப்புகள் அடங்கிய பெரும் பரப்பு. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் ஒவ்வொன்றும் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும் என்று 1647-இலேயே சட்டம் இருந்தது. அப்பொழுது பள்ளி ஊர் முழுவதற்கும் பொது. நாளடைவில் ஜனங்கள் காட்டை அழித்துத் தொலைவில் குடியேறவே, ஒவ்வொரு மூலையிலும் உள்ளவர்கள் தங்களுக்கென்று தனிப் பள்ளி கேட்டார்கள். 1789-ஆம் வருஷத்துச் சட்டம், ஊர் தன்னைப் பள்ளி வட்டாரங்களாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. பின்பு வட்டாரத்துக்கு வரி விதிக்கும் உரிமை வந்தது. 1817-இல் சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் உரிமை வந்தது. 1827-இல் உபாத்தியாயரைப் பொறுக்கும் அதிகாரமும் வட்டார நிர்வாகி ஒருவர் கைக்குப் போயிற்று. நாற்பது வருஷத்துக்குள் ஓர் ஊர் பத்துத் துண்டாயிற்று. ஒவ்வொரு துண்டும் ஒரு குட்டி ராஜ்யம் ஆயிற்று.

அந்தக் குட்டி ராஜ்யங்களின் லட்சணம் என்ன? ஊர்ப் பணத்தைச் சில இடங்களில் வட்டாரத்துக்குச் சமபங்காகவும், சில இடங்களில் பிள்ளைகளின் தொகைப்படியும், சில இடங்களில் அவரவர் கட்டிய வரிப்படியும் பிரித்தார்கள். உதாரணமாக ஒரு வட்டாரத்தில் அறுபது பிள்ளைகளும் மற்றொன்றில் பன்னிரண்டு பிள்ளைகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சமபங்கு வைத்தால் அறுபது பேர் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். பிள்ளைத் தொகைப்படி வைத்தால் பன்னிரண்டு பேரின் பள்ளி சில வாரங்களில் பணம் தீர்ந்து மூடப்படும். வரிப்படி வைத்தாலோ, உள்ளவன் பிள்ளைக்கு மேலும் கிடைக்கும், இல்லாதவன் பிள்ளைக்கு உள்ளதும் போகும். எந்தக் கணக்கைப் போட்டாலும் ஒரு குழந்தை வஞ்சிக்கப்படும். ஒரே ஊரில், ஒரே சட்டத்தின் கீழ், ஒரு வேலிக்கு இப்பால் பிறந்ததா அப்பால் பிறந்ததா என்பதைப் பொறுத்துக் குழந்தையின் கல்வி நிச்சயமாயிற்று.

கட்டடமோ வேறு எதற்கும் உதவாத நிலத்தில், பெரும்பாலும் ரஸ்தாவை ஒட்டி நிற்கும். வட்டாரத்தின் நடுமையம் எது என்று அளந்து அங்கே கட்டுவதற்காகப் பிடித்த சண்டைகளில் பாதி அக்கறையைப் படிப்பில் காட்டியிருந்தால் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள். குளிர் காலத்தில் சில வாரங்கள் ஓர் ஆண் ஆசிரியர், கோடையில் சில வாரங்கள் ஒரு பெண் ஆசிரியர் என்பது வழக்கம். நிர்வாகியின் மருமகனுக்கும் மைத்துனிக்கும் வேலை கிடைப்பது சகஜம். சம்பளத்தைக் குறைப்பதற்காக ஆசிரியரை வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு போட்டார்கள்.

1837-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜ்யக் கல்விச் சபை ஒன்று சட்டப்படி ஏற்பட்டது. கவர்னர் எட்வர்ட் எவரெட் அதற்குத் துணை நின்றார். அந்தச் சட்டத்துக்காக நெடுநாள் உழைத்த ஜேம்ஸ் கார்ட்டரே காரியதரிசியாவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். எட்மண்ட் டுவைட் என்ற ஆலை முதலாளி மானை வற்புறுத்தி அப்பதவிக்கு இழுத்தார். வக்கீல் தொழிலையும் செனெட் அக்கிராசனத்தையும் விட்டு, அதிகாரம் ஒன்றும் இல்லாத ஒரு காரியதரிசி வேலைக்குப் போவது நண்பர்களுக்குப் புத்திகெட்ட செயலாகப் பட்டது. சபைக்குப் பள்ளிகளை நடத்தும் உரிமை கிடையாது. ஊராருக்கு உத்தரவிடும் உரிமையும் கிடையாது. புள்ளிவிவரம் திரட்டலாம், அறிக்கை எழுதலாம், பிரசங்கம் செய்யலாம். அவ்வளவே. மான் அந்த மூன்றையும் கொண்டே போராடினார்.

குதிரை மீதும் வண்டியிலும் ஜில்லா ஜில்லாவாகச் சென்று மகாநாடுகள் கூட்டினார். சில ஊர்களில் கூட்டம் நிரம்பிற்று. சில ஊர்களில் விரல் விட்டு எண்ணத் தக்க பேரே வந்தார்கள். ராஜ்யத்தில் ஏறத்தாழ 3000 பொதுப் பள்ளிகள் இருந்தன. அவற்றில் பலவற்றை நேரில் பார்த்து, 1838-இல் பள்ளிக் கட்டடங்களைப் பற்றி மாத்திரம் தனியே ஓர் அறிக்கை வெளியிட்டார். காற்று, வெளிச்சம், கணப்பு, உட்காரும் பலகையின் உயரம் ஆகிய இவை அதில் அவர் எடுத்துக்கொண்ட விஷயங்கள். கால் தரையில் எட்டாமல் ஆறு மணி நேரம் தொங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதை அரசியல்வாதி ஒருவர் எடுத்துச் சொன்னது புதுமையாக இருந்தது. அவ்வருஷமே பொதுப் பள்ளிப் பத்திரிகை ஒன்றையும் தொடங்கினார்.

அதே 1838-இல் தான் பள்ளிகளை ஒன்றுபடுத்தும் முயற்சியின் முதற்படியும் நிறைவேறிற்று. அடுத்தடுத்துள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வட்டாரங்கள், வயது வந்த பிள்ளைகளுக்காக ஒரு கூட்டுப் பள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. கட்டாயம் இல்லை. விரும்பினால் சேரலாம். மான் தமது நான்காவது வருஷ அறிக்கையில் இதை விளக்கினார். ஒரு வட்டாரத்துப் பள்ளியில் எழுத்துக் கூட்டும் நான்கு வயதுக் குழந்தையும் கணக்குப் போடும் பதினாறு வயது வாலிபனும் ஒரே அறையில், ஒரே உபாத்தியாயரிடம் இருந்தார்கள். குழந்தைகளை வீட்டுக்கு அருகிலுள்ள சிறு பள்ளியிலேயே விட்டுவிட்டு, பல வட்டாரத்து மூத்த பிள்ளைகளை மத்தியில் ஒரு பள்ளியில் சேர்த்துக் கற்றறிந்த ஓர் ஆசிரியரை அமர்த்தினால், அதே செலவில் பள்ளி அதிக மாதங்கள் நடக்கும், பாடமும் உயரும் என்பது அவர் திட்டம். பெரியவர்களால் அதிக தூரம் நடக்க முடியும், சிறியவர்களால் முடியாது என்ற எளிய உண்மையை ஆதாரமாகக் கொண்டது அது. ஆகையால் ஊர்ப் பள்ளியை அடியோடு மூடிவிடப் பார்த்தார் என்று அவர்மேல் சுமத்தப்பட்ட பழி நியாயமன்று.

ஆனால் இத்திட்டத்தின் சிக்கனக் கணக்கில் ஒரு முள் உண்டு. அதை மறைப்பது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகமாகும். குழந்தைகளின் பள்ளிகளைப் பெண் ஆசிரியர்களிடம் ஒப்படைக்கலாம் என்றார் மான். பெண்கள் குழந்தைகளுக்கு நன்கு கற்பிப்பார்கள் என்று அவர் மெய்யாகவே நம்பினார். ஆனால் அவர்களுக்கு ஆண்களின் கூலியில் ஒரு பகுதிதான் கொடுக்கப்பட்டு வந்தது. மிச்சமான பணம் அவர்களுடைய குறைந்த சம்பளத்திலிருந்து வந்தது.

ஆட்சேபம் பல திசையிலிருந்தும் கிளம்பிற்று. மத்திய அதிகாரம் என்பது பிரஷ்யாவின் ராணுவ ஆட்சிக்கு வழி என்றார்கள். தாங்கள் வரி கொடுத்துக் கட்டிய பள்ளியில் தங்களுக்குப் பேச்சில்லாமல் போகும் என்றார்கள். பைபிளைப் பள்ளியில் வாசிக்கலாம், ஆனால் கிளைச் சமயக் கொள்கை கூடாது என்று மான் வைத்த வரம்பை மத போதகர் சிலர் நாஸ்திகம் என்றே தூற்றினார்கள். 1839-இல் ஒரே ஒரு வோட்டு அதிகமாகப் பெற்றுக் கவர்னரான மார்க்கஸ் மார்ட்டன், பதவியேற்றதும் செலவைக் குறைக்க வேண்டும் என்று பேசினார். உடனே சட்டசபைக் கமிட்டி ஒன்று, கல்விச் சபையையும் நார்மல் பள்ளிகளையும் அடியோடு ஒழித்துவிடலாம் என்று சிபார்சு செய்தது. 1840-ஆம் வருஷம் மார்ச் மாதம் பிரேரணை வோட்டுக்கு வந்தது. ஒழிக்க வேண்டும் என்றவர் 182 பேர். வேண்டாம் என்றவர் 245 பேர். சபை தப்பிற்று. அடுத்த ராஜ்யமான கனெக்டிகட்டில் ஹென்றி பார்னார்ட் நடத்தி வந்த இதே மாதிரிச் சபை 1842-இல் ஒழிக்கப்பட்டே போயிற்று என்பதைக் கவனித்தால் மான் எவ்வளவு மெல்லிய கயிற்றின் மேல் நடந்தார் என்பது தெரியும்.

நார்மல் பள்ளி என்று நாம் குறிப்பிட்டது உபாத்தியாயர் பயிற்சிப் பாடசாலையை. டுவைட் 10,000 டாலர் நன்கொடை தருவதாகவும், சர்க்காரும் அதே தொகை போட வேண்டும் என்றும் முன்வந்ததன் பேரில் இவை உண்டாயின. முதலாவது பள்ளி 1839-ஆம் வருஷம் ஜூலை 3-ந் தேதி லெக்ஸிங்டன் ஊரில் திறந்தபோது வந்து சேர்ந்த மாணவிகள் மூவர். மான் மனம் தளரவில்லை. பிட்ஸ்பீல்டு நகரில் உபாத்தியாயர் கூட்டம் ஒன்றுக்குச் சென்றபோது மண்டபம் பெருக்கப்படாமல் குப்பையாகக் கிடந்தது. மானும் அப்போது கவர்னராயிருந்த பிரிக்ஸும் தாங்களே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார்கள்.

1843-இல் மேரி பீபாடி என்ற மாதை மணந்து, அன்றே ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். மணமகனின் உல்லாச யாத்திரை பள்ளிக்கூடங்களையும் சிறைகளையும் பார்ப்பதிலேயே கழிந்தது. பிரஷ்ய ஆசிரியர்கள் பிரம்பில்லாமலும் புத்தகத்தைப் பாராமலும் பாடம் சொன்னதை அவர் தமது ஏழாவது அறிக்கையில் புகழ்ந்தார். பாஸ்டன் பள்ளித் தலைவர்கள் 31 பேர் சேர்ந்து அவரைக் கண்டித்துப் புத்தகம் போட்டார்கள். மான் சும்மா இருக்கவில்லை. பதிலுக்குப் பதில் நீண்டது. கோபம் வந்தால் அளவு தெரியாத சுபாவம் அவருக்கு உண்டு.

இவ்வளவுக்கும் நடுவில் வட்டாரப் பிரிவினையைப் பற்றிய அவர் கருத்து வருஷத்துக்கு வருஷம் கடுமையாயிற்று. ஆரம்பத்தில் விருப்பமுள்ளவர் சேரட்டும் என்று இருந்தவர், சேர்ந்தவர் சிலரே என்பதைக் கண்டார். பணக்கார வட்டாரம் ஏழை வட்டாரத்தோடு தானாக வந்து சேருமா? தன் வரி தன் பிள்ளைக்கே என்பவன் அயல் வட்டாரத்துப் பிள்ளைக்காகக் கையைத் தூக்குவானா? முடிவில், பொதுப் பள்ளிகளைப் பற்றி ராஜ்யம் இயற்றிய சட்டங்களில் 1789-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் போல் துரதிருஷ்டமானது வேறில்லை என்று எழுதினார். ஊர் முழுவதையும் ஒரே நிர்வாகமாக்கி வட்டாரங்களை ஒழித்துவிட வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. 1846-ஆம் வருஷத்துக்குரிய பத்தாவது அறிக்கையில் இதற்கு ஒரு தத்துவத்தையும் வகுத்தார். பூமியின் செல்வம் ஒரு தலைமுறைக்கு மட்டும் சொந்தமன்று. சொத்துள்ளவர் அதை வருங்காலச் சந்ததியின் தர்மகர்த்தாக்களாகவே வைத்திருக்கிறார்கள். ஆகவே குழந்தைக்கு வேண்டிய கல்விச் செலவை அந்தச் சொத்திலிருந்து எடுப்பது தானமல்ல, குழந்தையின் பாத்தியதை. பிள்ளையில்லாதவன் ஏன் பள்ளி வரி கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இது விடை. அயல் வட்டாரத்துப் பிள்ளைக்கு ஏன் என்று கேட்டவர்களுக்கும் இதுவே விடை.

1848-இல் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் காலமாகவே, அவருடைய ஸ்தானத்துக்கு மான் ஐக்கிய நாட்டுக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுக் காரியதரிசிப் பதவியை விட்டார். அங்கே அடிமை வியாபாரத்தை எதிர்த்தார். எழுபதுக்கு மேற்பட்ட அடிமைகளைக் கப்பலில் ஏற்றித் தப்புவிக்க முயன்று பிடிபட்டவர்களுக்காக வக்கீலாக நின்று வாதாடினார். தம் ராஜ்யத்துப் பெரும் தலைவரான டானியல் வெப்ஸ்டரையே 1850-இல் பகைத்துக்கொண்டார். ஆனால் இவரே கல்விக் காரியதரிசியாயிருந்த காலத்தில் பாஸ்டனில் கறுப்பர் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி இருந்தது. அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை என்று வெண்டல் பிலிப்ஸ் குற்றம் சாட்டினார். கறுப்பு மாணவி ஒருத்தி நார்மல் பள்ளியில் சேர்ந்து, தங்க இடம் கிடைக்காமல் தவித்தபோது மான் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார் என்பது உண்மை. எனினும் வீட்டில் செய்ததைப் பதவியில் செய்யவில்லை. பள்ளிகளுக்கு ஆபத்து வருமோ என்று அஞ்சினார் போலும். எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் சேர வேண்டும் என்று வாதாடியவரிடம் இந்தத் தயக்கத்தைக் காண நமக்கு வருத்தமாகவே இருக்கிறது.

1852-இல் கவர்னர் பதவிக்கு நின்று தோற்றார். 1853 முதல் ஓஹையோ ராஜ்யத்தில் ஆண் பெண் இருபாலாரையும் சமமாகச் சேர்த்துக்கொண்ட ஆண்டியோக் கலாசாலையின் தலைவராக இருந்தார். கலாசாலை கடனில் மூழ்கி ஏலத்துக்கே வந்தது. நண்பர்கள் அதை வாங்கிக் காப்பாற்றினார்கள். உழைப்பினால் ஓடாய்த் தேய்ந்து போன மான் 1859-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி, தமது 63-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் இறந்த அந்த 1859-இலேயே மாஸச்சூஸெட்ஸ் சட்டசபை பள்ளி வட்டாரங்களை ஒழித்துச் சட்டம் செய்தது. ஆனால் கிராமங்களில் எழுந்த கூக்குரலைக் கேட்டு, அவ்வருஷம் முடிவதற்குள்ளேயே அதை ரத்தும் செய்தது. 1869-இல் மறுபடியும் ஒழித்தார்கள். 1870-இல் வேண்டுமானால் திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து விட்டார்கள். 1882-இல்தான் கடைசியாக, திரும்பி வராதபடி, வட்டாரங்கள் மறைந்தன. மான் பதவியேற்று அப்பொழுது 45 வருஷம் ஆகியிருந்தது. இடையில் 1869-ஆம் வருஷத்து மற்றொரு சட்டம், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லப் பொதுப்பணத்தைச் செலவிடலாம் என்று ஊர்களுக்கு உரிமை தந்தது. தூரம் என்ற பழைய ஆட்சேபத்துக்குக் குதிரை வண்டி பதில் சொல்லத் தொடங்கிற்று. மோட்டார் பஸ் வந்தபின் அந்தப் பதில் நாடெங்கும் பரவியது. ஐக்கிய நாடுகள் முழுவதிலும் 1940-ஐ ஒட்டி 1,17,000-க்கு மேல் இருந்த பள்ளி நிர்வாக வட்டாரங்கள் 1980-ஐ ஒட்டிச் சுமார் 16,000 ஆகச் சுருங்கின.

சுருங்கிய இடங்களிலெல்லாம் பாடம் உயர்ந்தது, நூல்நிலையமும் விஞ்ஞானச் சாலையும் வந்தன. ஆனால் மான் கேட்டதற்கும் அப்பால் போய்விட்டார்கள். அவர் வீட்டருகில் விட்டுவைக்கச் சொன்ன குழந்தைகளையும் சேர்த்து வண்டியில் ஏற்றினார்கள். பள்ளி போன சிற்றூரில் ஊர்க்கூட்டம் கூட இடம் இல்லாமற் போயிற்று. விடியுமுன் பஸ் ஏறி இருட்டில் வீடு திரும்பும் பிள்ளைகளின் பெற்றோர், 1840-இல் பாஸ்டன் சட்டசபையில் 182 பேர் சொன்ன ஆட்சேபத்தின் ஒரு பகுதியை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.